பழைய வாசல் கதவின் பித்தளைக் குமிழ், இரும்புத் தாழ்ப்பாள், பெட்டிப்பூட்டு: எப்படிச் சீர்செய்வது?

தக்கலை ஓட்டுவீடு:

வணக்கம். தக்கலைக்குப் பக்கத்தில் பழைய ஓட்டு வீடு. முன்வாசலில் தேக்கு இரட்டைக் கதவு. கீல் கிடையாது, குடுமியில் (கதவின் மேலும் கீழும் நீட்டியிருந்து குழியில் உட்காரும் முனை) சுழல்வது. ஒரு பலகைக்கு 16 பித்தளைக் குமிழ், ஒவ்வொன்றும் 75 மி.மீ. விட்டம், இடது பலகையில் ஒன்று காணோம். நடுவில் இரண்டு பிடி வளையம். உள்பக்கம் மேலும் கீழும் இரும்புத் தாழ்ப்பாள், இடுப்பு உயரத்தில் ஒரு பெட்டிப்பூட்டு. எல்லாவற்றின் மேலும் சேர்த்து நாலைந்து கோட் எனாமல் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார்கள். ஸ்குரூவின் காடிகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை.

வளையத்தின் பின்பக்கம் பச்சையாகப் பிசின் மாதிரி ஒட்டுகிறது. பூட்டில் சாவி முழுச் சுற்று சுற்றுகிறது, ஆனால் நாக்கு அசையவே இல்லை. வலது கதவு படியில் உரசுகிறது. தாழ்ப்பாளைச் சுற்றி மரத்தில் மை கொட்டினது போல் கறுப்பு.

எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டச் சொல்கிறார்கள். எனக்கு மனசில்லை, அதே சாமான் அதே இடத்தில் வேலை செய்ய வேண்டும். எதிலிருந்து ஆரம்பிக்க? புளி போட்டுத் தேய்க்கலாமா, ஆசிட் வேண்டுமா?


நாஞ்சில் வார்ப்பு:

அண்ணாச்சி, புளி, ஆசிட் ரெண்டையும் இப்போதைக்கு ஓரமா வையுங்க. முதல்ல ஒரு காந்தம் எடுத்து ஒவ்வொரு சாமானா ஒட்டிப் பாருங்க. ஒட்டினா உள்ளே இரும்பு, மேல பித்தளை முலாம் மட்டும்னு அர்த்தம். அதைப் பாலிஷ் போட்டா ஒரே நாள்ல முலாம் போயிடும். ஒட்டலைன்னா, கண்ணுக்குத் தெரியாத பின்பக்கத்தில கத்தி முனையால லேசாக் கீறிப் பாருங்க. மஞ்சளாத் தெரிஞ்சா பித்தளை. கொஞ்சம் வெளிறி, தட்டினா மணி மாதிரி நீளமா ஒலிச்சா அது வெண்கலம். வெண்கலத்தில வெள்ளீயம் அஞ்சில ஒரு பங்கு இருக்கும், அதனால கண்ணாடி மாதிரி விரிசல் விட்டுடும். வெண்கலக் குமிழ் நசுங்கியிருந்தா சுத்தியலால தட்டி நிமிர்த்தப் பாக்காதீங்க, விட்டுடுங்க.

இனி பெயின்ட். பழைய எனாமல்னா ஈயம் இருக்குன்னே வச்சுக்கிடுங்க. வீட்டுப் பெயின்ட்ல ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில 90 பங்கு) மேல கூடாதுன்னு நம்ம நாட்டில சட்டம் வந்ததே 2016லதான், நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர்ல. அதனால உலர்ந்த பெயின்ட் மேல உப்புத்தாள் போடவே கூடாது. சூடு காட்டுற துப்பாக்கியும் வேண்டாம், ஈயம் புகையாக் கிளம்பும். சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீடுன்னா இதில ரெண்டாம் பேச்சே இல்லை.

கழற்ற முடிஞ்ச சாமானுக்குச் சலவைச் சோடாத் தண்ணிதான் வழி. ஒரு லிட்டருக்கு ரெண்டு மேசைக்கரண்டி, சாமான் முழுக்க முங்கணும், கொதிக்க விடாம சிறு தீயில முக்கால் மணி நேரம். எனாமல்ல எண்ணெய் இருக்கு. காரம் அதைச் சோப்பாக்கிடும், அதான் பெயின்ட் தோலோட உரிஞ்சு வருது. நைலான் பிரஷ்ஷால ஈரத்தோடவே தள்ளிவிடுங்க. எவர்சில்வர் பாத்திரம்தான் வேணும், அலுமினியத்தைச் சோடா தின்னுடும். அந்தப் பாத்திரம் அப்புறம் அடுக்களைக்கு ஆகாது. கழிவுத் தண்ணிய கிணத்தடியிலயோ தென்னை மூட்டிலயோ ஊத்தாதீங்க. ஒரு வாளியில தெளிய விட்டு, அடியில நிக்கிற வண்டலைத் தாள்ல கட்டித் தனியா அப்புறப்படுத்துங்க.

குமிழ்களைக் கழற்றாதீங்க. அதுங்க தண்டு கதவைத் துளைச்சுப் போய்ப் பின்னால மடிச்சு அடிச்சிருக்கும். இழுத்தா தேக்குப் பலகை சில்லாப் பெயரும். இருந்த இடத்திலயே சுத்தம் பண்ணலாம். பழைய எக்ஸ்ரே பிலிம் நடுவில 75 மி.மீ. வட்ட ஓட்டை வெட்டி, ஓரத்திலேர்ந்து ஒரு கீறல் போட்டு, குமிழோட அடியில சுத்திச் செருகுங்க. மரத்தில ஒரு சொட்டுப் படாது. பெயின்ட் ரிமூவரைப் பசை மாதிரி பூசி, மேல பாலிதீன் தாள் ஒட்டி இருபது நிமிஷம் விட்டு, மூங்கில் குச்சியால சுரண்டுங்க. கத்தியோ கம்பி பிரஷ்ஷோ பட்டா அந்தக் கீறல் கடைசி வரைக்கும் போகாது. குமிழ் உள்ளே பொள்ளா இருந்து அரக்கு நிரப்பியிருந்தா சூடும் காட்டாதீங்க.

அந்தப் பச்சைப் பிசின் களிம்பு மட்டும் இல்லை. தேங்காய் எண்ணெய் போட்டுப் போட்டு வந்தது. எண்ணெய் காறிப் போறப்ப வர்ற அமிலம் பித்தளையில இருக்கிற செம்பைப் பிடிச்சுச் செம்புச் சோப்பா மாறிடும். தண்ணியில கரையாது. டர்பன்டைன் நனைச்ச துணியில ரெண்டு தரம் துடைச்சா போயிடும், பாலிஷே தேவைப்படாது. இனிமே பூட்டு, வளையம், கீல் எதிலயும் தேங்காய் எண்ணெய் விடாதீங்க. நம்ம ஊர்க் கதவுகளைக் கெடுத்ததில பாதி அதுதான்.


சாவிக்கொத்து:

பூட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. லீவர்தான், அதாவது பூட்டுக்குள் சாவி தூக்கிவிடும் தகடுதான், பழுது என்றால் சாவி பாதியில் முட்டி நின்றுவிடும். உங்கள் சாவி முழுச் சுற்று சுற்றுகிறது. அப்படியென்றால் சாவியின் பல் நாக்கைத் தொடவே இல்லை. காரணம் மூன்றில் ஒன்று: சாவிப் பல்லின் நுனி தேய்ந்து குட்டையாகிவிட்டது, அல்லது நாக்கில் சாவி மாட்டுகிற பள்ளத்தின் விளிம்பு உடைந்துவிட்டது, அல்லது சாவித் துளை அகன்று சாவி கீழே தொங்கியபடி சுற்றுகிறது. மூன்றாவதை இப்போதே சோதிக்கலாம். சாவியை விரலால் நாக்குப் பக்கம் அழுத்திப் பிடித்துச் சுற்றுங்கள். நாக்கு கொஞ்சம் அசைந்தாலும் துளைதான் குற்றவாளி.

பூட்டைக் கழற்றும் முன் ஸ்குரூ. ஆக்சா பிளேடு துண்டால் காடியில் இருக்கிற பெயின்ட்டை முழுவதும் சுரண்டி எடுங்கள். தலையைச் சுற்றியும் கத்தி முனையால் ஒரு கோடு கீறுங்கள், இல்லாவிட்டால் பெயின்ட் பசை போலப் பிடித்துக்கொண்டிருக்கும். காடியின் நீளம், கனம் இரண்டுக்கும் பொருந்துகிற திருப்புளி வேண்டும்; ஒல்லியான திருப்புளிதான் தலையைக் கெடுக்கும். சாலிடரிங் அயர்னை ஸ்குரூத் தலையில் இரண்டு நிமிடம் வையுங்கள். ஆறிய பிறகு, முதலில் ஒரு மயிரிழை இறுக்கும் பக்கம் திருப்பி, பிறகு கழற்றுங்கள். பிடி விட்டதும் வந்துவிடும். ஒவ்வொரு ஸ்குரூவும் எந்தத் துளையிலிருந்து வந்தது என்று ஒரு அட்டையில் குத்தி வையுங்கள், பழைய ஸ்குரூக்கள் ஒன்றுக்கொன்று நீளம் வேறுபடும்.

பூட்டின் மூடியை ஒரு பெரிய பாலிதீன் பைக்குள் கையை விட்டுத் திறங்கள். உள்ளே வில் ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கும். துள்ளினால் பைக்குள்ளேயே விழும். மூடியை எடுத்ததும் எதையும் தொடாமல் நேர் மேலிருந்து ஒரு படம் எடுங்கள். லீவர்களை எடுத்த வரிசையிலேயே ஒரு கம்பியில் கோத்து வையுங்கள். வரிசை மாறினால் உங்கள் சாவி இனி அந்தப் பூட்டைத் திறக்காது.


தக்கலை ஓட்டுவீடு:

மிக்க நன்றி. காந்தம் வைத்துப் பார்த்தேன்: குமிழ், வளையம், பூட்டின் முகத்தகடு எல்லாம் பித்தளை. ஸ்குரூ, தாழ்ப்பாள், பூட்டுப் பெட்டி இரும்பு. பூட்டைத் திறந்துவிட்டேன், நாலு லீவர். நாக்கின் பள்ளம் நன்றாக இருக்கிறது. சாவியின் நுனிப்பல் மற்ற பல்லைவிடக் குட்டையாகத் தெரிகிறது, வழவழவென்று தேய்ந்திருக்கிறது. மூன்றாவது லீவரின் ஸ்பிரிங் பாதியில் ஒடிந்து கிடந்தது. இரண்டு ஸ்குரூ தலை போய்விட்டது.


சாவிக்கொத்து:

அப்படியானால் பூட்டு பிழைத்துக்கொள்ளும். சாவியின் நுனிப்பல்லில் பிரேசிங் (பித்தளையை உருக்கி ஒட்டுவது) செய்து ஒன்றரை மி.மீ. அளவுக்குப் பித்தளை ஏற்றச் சொல்லுங்கள். பிறகு அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். எவ்வளவு இறக்குவது என்று தெரிய, பல்லை மெழுகுவத்திச் சுடரில் காட்டிக் கரி பிடிக்க வையுங்கள். பூட்டில் போட்டு மெதுவாகச் சுற்றி வெளியே எடுத்தால் எங்கே உரசியதோ அங்கே கரி போய்ப் பளிச்சென்று ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டில் மட்டும் இரண்டு இழுப்பு அரம், மறுபடி கரி, மறுபடி சுற்று. ஏழெட்டு தரம் ஆகும். அவசரப்பட்டு லீவரின் பள்ளத்தில் அரம் வைத்துவிடாதீர்கள். சாவியில் தப்பு செய்தால் திரும்ப ஏற்றலாம், லீவரில் முடியாது.

ஒடிந்த ஸ்பிரிங் துண்டின் கனத்தை வெர்னியரில் அளந்து, அதே கனத்தில் பாஸ்பர் பிரான்ஸ் தகடு வாங்கி, அதே அகலத்தில் வெட்டி, அதே வளைவு கொடுத்து லீவரின் கீறலில் செருகி விளிம்பைத் தட்டிவிடுங்கள். கனமான தகடு போட்டால் சாவி கனக்கும், சீக்கிரமே அந்தப் பல்லும் தேயும்.

உள்ளே இருக்கிற கறுப்புப் பிசுக்கை மண்ணெண்ணெயில் கழுவி நன்றாக உலர்த்துங்கள். திரும்பக் கூட்டும்போது லீவர்களுக்கு கிராஃபைட் தூள் மட்டும். நாக்கு சறுக்குகிற தடத்தில் ஒரு அரிசியளவு கிரீஸ். இரண்டையும் ஒரே இடத்தில் போட்டால் களியாகிவிடும். பென்சில் முனையைச் சுரண்டிப் போடாதீர்கள், அதில் களிமண் கலந்திருக்கும். பக்கத்தில் ஆள் கிடைக்கவில்லை என்றால் திண்டுக்கல்லுக்கு எடுத்துப் போகலாம். அங்கே லீவர் பூட்டைக் கையால் செய்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. சாவியை மட்டும் கொண்டுபோகாமல் பூட்டோடு கொண்டுபோங்கள்.


குளச்சல் கரை:

இரும்புத் தாழ்ப்பாள் பக்கம் நான் வருகிறேன். பெயின்ட் போனதும் உள்ளே துரு எவ்வளவு என்று பாருங்கள். மேலாகச் சிவந்திருந்தால் சிட்ரிக் ஆசிட் போதும். கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டாலும் கொடுப்பார்கள். லிட்டருக்கு 50 கிராம், மணிக்கொரு தரம் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள், நாலு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள். பூட்டின் ஸ்பிரிங்கை இதில் போடவே கூடாது. அமிலத்தில் உண்டாகிற ஹைட்ரஜன் எஃகுக்குள் ஏறி, ஸ்பிரிங் பிறகு தொட்டால் ஒடியும். பித்தளை ஊறின அதே தண்ணீரில் இரும்பைப் போட்டுவிடாதீர்கள். கரைந்த செம்பு இரும்பின் மேல் சிவப்பாகப் படிந்துவிடும்.

துரு ஏடு ஏடாகப் பெயர்கிற அளவுக்கு இருந்தால் மின்சார முறைதான். பிளாஸ்டிக் வாளி, நாலு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். தாழ்ப்பாள் நெகட்டிவில், ஒரு பழைய இரும்புத் தகடு பாசிட்டிவில், இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. பாசிட்டிவில் எவர்சில்வரைப் போட்டால் விஷமான குரோமியம் தண்ணீரில் கலக்கும், அதை மட்டும் எந்தக் காரணத்துக்கும் செய்யாதீர்கள். ஹைட்ரஜன் வரும், திறந்த திண்ணையில் வையுங்கள், பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது. கையை விடும் முன் சார்ஜரை அணையுங்கள்.

கடற்கரையிலிருந்து எடுத்த சாமானாக இருந்தால் இதோடு முடியாது. துருவுக்கு அடியில் உப்பு தங்கியிருக்கும். அப்படியே மெழுகு போட்டால் அடுத்த மழைக்குள் கொப்புளம் கட்டும். சோடாத் தண்ணீரில் மூன்று நாள், தினம் ஒரு தரம் தண்ணீரை மாற்றி ஊற வையுங்கள். உங்கள் ஊர் தக்கலை, அவ்வளவு பயமில்லை. ஆனாலும் ஒரு நாள் ஊற வைப்பது நல்லது.

எடுத்தவுடன் கழுவி உடனே உலர்த்த வேண்டும். பத்து நிமிடம் சும்மா வைத்தால் செம்மஞ்சள் பூத்துவிடும். வெயிலில் சூடேறிய தகரத்தின் மேல் வைத்து, கை பொறுக்கிற சூடு வந்ததும் தேன்மெழுகு தடவுங்கள். தேன்மெழுகு ஒரு பங்கு, டர்பன்டைன் மூன்று பங்கு. வெந்நீரில் பாத்திரத்தை வைத்து உருக்குங்கள், நேரடித் தீயில் வேண்டாம், பற்றிக்கொள்ளும். ஆனி, ஆடிச் சாரலிலும் ஐப்பசி மழையிலும் இந்த வேலை வேண்டாம். நமக்கு இரண்டு பருவமழை. தை, மாசிதான் சரியான காலம்.

மரத்திலிருக்கிற மைக்கறை, இரும்பும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்து உண்டானது. உப்புத்தாள் போட்டுப் போகாது, ஆழமாக இறங்கியிருக்கும். ஆக்சாலிக் அமிலம், ஒரு லிட்டர் வெந்நீரில் 60 கிராம். தாழ்ப்பாள் கழற்றியிருக்கும்போதே பிரஷ்ஷால் தடவி, கால் மணி நேரம் கழித்துச் சுத்தமான தண்ணீரில் மூன்று தரம் துடையுங்கள். கறையின் மேல் மட்டும் தடவினால் வெள்ளைத் தேமல் மாதிரி தெரியும், அந்த மரச்சட்டம் முழுவதும் தடவுங்கள். விஷம், கையுறையும் மூக்குக்கு மறைப்பும் கட்டாயம்.

இன்னொன்று, நாஞ்சில் வார்ப்பு அண்ணனுக்கு. புளியை ஏன் வேண்டாம் என்கிறீர்கள்? குத்துவிளக்கை எல்லாரும் அதில்தானே துலக்குகிறோம்.


பழைய நிலைவாசல்:

படியில் உரசுவது குடுமி தேய்ந்ததால். கதவின் அடியைச் சீவிவிடச் சொல்லுவார்கள், கேட்காதீர்கள். சீவினால் கதவு இன்னும் இறங்கும், மேலே தாழ்ப்பாள் நாதாங்கிக்கு எட்டாமல் போகும்.

முதலில் கதவின் மேல் ஓரத்துக்கும் நிலைக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்று இரண்டு கதவிலும் அளந்து பாருங்கள். வலது பக்கம் அதிகமாக இருக்கிற அளவுதான் இறங்கிய அளவு. 2 மீட்டர் உயரம், 60 செ.மீ. அகலம், 5 செ.மீ. கனம் என்றால் தேக்குப் பலகை ஒன்று சுமார் 40 கிலோ. மூன்று பேர் வேண்டும். மேல் குழி ஆழமாக இருக்கும். கதவை நேர் மேலே தூக்கி, கீழ்க் குடுமியைக் குழியிலிருந்து வெளியே இழுத்தால் வந்துவிடும். தூக்க இடமே இல்லாவிட்டால் நிலையைத் தட்டாதீர்கள், குடுமிக் கதவு பழக்கமுள்ள ஆசாரியைக் கூப்பிடுங்கள்.

கீழ்க் குழியில் மண்ணும் எண்ணெயும் சேர்ந்து உரல் மாவு மாதிரி அரைத்துக்கொண்டிருக்கும். அதைச் சுத்தமாக வழித்தெடுத்து, இறங்கிய அளவே கனமுள்ள வட்டப் பித்தளைத் தகடு ஒன்று குழியின் விட்டத்துக்கு வெட்டி அடியில் போடுங்கள். 3 மி.மீ. இறங்கியிருந்தால் 3 மி.மீ. தகடு. குடுமியின் முனைக்குக் கிராஃபைட், எண்ணெய் வேண்டாம்.

தலை போன ஸ்குரூவை ஒரு மி.மீ. துளை போட்டு நோண்ட வேண்டாம். அதைச் சுற்றிக் குழாய் மாதிரி வெட்டுகிற பிட்டால் 10 மி.மீ. அளவில் சுற்றி அறுத்து, ஸ்குரூவோடு மரத்துண்டை வெளியே எடுங்கள். அந்தக் குழியில் பழைய தேக்கில் கடைந்த கட்டையை, கதவின் நார் ஓடும் திசையிலேயே நார் ஓடும்படி வைத்து ஒட்டுங்கள். தீக்குச்சியும் ஃபெவிகாலும் போட்டு அடைப்பது ஒரு மழைகூடத் தாங்காது.

திரும்ப மாட்டும்போது பித்தளைத் தகட்டுக்குப் பித்தளை ஸ்குரூ. இரும்பு ஸ்குரூவும் பித்தளையும் ஈரத்தில் சேர்ந்திருந்தால் இரும்புதான் கரையும், மறுபடி அதே மைக்கறை. பித்தளை ஸ்குரூ மெத்தென்று இருக்கும், நேராகத் தேக்கில் திருகினால் கழுத்து முறியும். ஆகவே முன்துளை போட்டு, அதே அளவு இரும்பு ஸ்குரூவை ஒரு தரம் இறக்கி மரை வெட்டிக்கொண்டு கழற்றி, பிறகு பித்தளையை மெழுகு தொட்டு இறக்குங்கள். கடைசிக் கால் சுற்று கையால், டிரில்லால் அல்ல. காடி எல்லாம் மேல்கீழாக ஒரே நேராக நிற்கட்டும்.

நாதாங்கியை வெயில் காலத்தில் இறுக்கமாகப் பொருத்திவிடாதீர்கள். சாரல் காலத்தில் கதவு ஊதும். தாழ்ப்பாளுக்கு எல்லாப் பக்கமும் 2 மி.மீ. விட்டு வையுங்கள்.


நாஞ்சில் வார்ப்பு:

குளச்சல் கரை தம்பி கேட்டது நியாயம்தான். குத்துவிளக்கைப் புளி போட்டு உடனே கழுவிடுறோம், நாலு நாள்ல திரும்பத் துலக்குறோம். கதவுக் குமிழோட பூ வேலைக்குள்ள போன புளி அங்கேயே தங்கும். அமிலம் பித்தளையில இருக்கிற துத்தநாகத்தை முதல்ல கரைக்கும், மேல செம்பு மட்டும் மிஞ்சி இளஞ்சிவப்பாத் தெரியும். பாத்திரத்தில அது அடுத்த துலக்கல்ல போயிடும், குமிழ்ல திட்டுத் திட்டா நிக்கும். புளிதான் வேணும்னா பிழிஞ்சு வடிகட்டின தண்ணியத் துணியில தொட்டு, ஒரு நிமிஷத்துக்குள்ள துடைச்சு, ஆப்ப சோடாத் தண்ணியில துடைச்சு முடிங்க. அமோனியா கலந்த பாலிஷ்ல மட்டும் ஊற வைக்காதீங்க, தகட்டில அடிச்சு எடுத்த பித்தளை மடிப்புல வெடிச்சிடும்.

ஆனா என் யோசனை, குமிழைப் பளபளன்னு ஆக்காதீங்க. பெயின்ட் போனதும் டர்பன்டைன்ல துடைச்சா தேன் நிறத்தில ஒரு மங்கல் இருக்கும். அது பத்து நிமிஷப் பாலிஷ்ல போயிடும், திரும்ப வர வருஷக்கணக்காகும். பத்மநாபபுரம் அரண்மனை உங்களுக்குப் பக்கம்தானே, திங்கள்கிழமை தவிர எந்த நாளும் போகலாம். கேரளத் தொல்லியல் துறை பராமரிப்பு. அங்கே இருக்கிற கதவுகளைக் கிட்ட நின்னு பாத்துட்டு வந்து முடிவு பண்ணுங்க. கை படுற வளையத்தை மட்டும் பாலிஷ் போடலாம். லாக்கர் அடிக்க வேண்டாம். கை படுற இடத்தில ஒரு மூலையில பெயரும், அந்த மூலை மட்டும் கறுக்கும், பெயர்ந்ததை எடுக்கத் தின்னர் வேணும். தேன்மெழுகு போதும், ஆறு மாசத்துக்கு ஒரு தரம்.

காணாமப் போன குமிழுக்கு, ஒரு குமிழை அச்சா வச்சு மண்ல வார்த்தா புதுசு சின்னதா வரும். பித்தளை ஆறுறப்ப நூத்துக்கு ஒன்றரை சுருங்கும். 75 மி.மீ. குமிழ் 74க்குக் கொஞ்சம் கம்மியா வரும், பக்கத்தில இருக்கிற குமிழோட பாத்தா கண்ணுல உறுத்தும். அச்சு வைக்கிற குமிழ் மேல அரை மி.மீ. கனத்துக்குச் சீரா மெழுகு பூசிக் கொடுங்க, சரியா வந்துடும். பூ வேலை இருந்தா மெழுகு அதை மூடிடும், அப்ப மெழுகிலயே புதுசா அச்சுச் செதுக்கி வார்க்கிறவங்ககிட்ட போகணும். ஆலப்புழை மாவட்டத்து மான்னார்ல வெண்கல, பித்தளை வார்ப்புக்காரங்க நிறைய. போறப்ப ஒரு குமிழோட படம் மட்டும் போதாது, சாமானும் கூடவே வேணும். நல்லாப் பிடிச்சிருக்கிற குமிழைக் கழற்றாதீங்க. ஏதாவது ஒண்ணு ஏற்கெனவே ஆடிக்கிட்டு இருக்கும், அதோட பின்மடிப்பை நிமிர்த்தி எடுத்துட்டுப் போங்க.


தக்கலை ஓட்டுவீடு:

எல்லாருக்கும் நன்றி. இடது கதவில் கீழ் வரிசையில் ஒன்று ஆடுகிறது, அதை எடுக்கிறேன். வலது கதவு அளந்தேன், 4 மி.மீ. இறங்கியிருக்கிறது. கடையில் 3 மி.மீ. தகடுதான் இருக்கிறது. அதோடு 1 மி.மீ. சேர்த்து இரண்டாகப் போடலாமா?


பழைய நிலைவாசல்:

போடலாம், ஆனால் 1 மி.மீ. அடியில், 3 மி.மீ. மேலே. குடுமி சுழல்கிறபோது மெல்லிய தகடு மேலே இருந்தால் சுருண்டு வந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் கிரீஸ் எதுவும் வேண்டாம்.